பிரிந்து வாழும் தம்பதியிடம் வீடும் தோப்பும் வாங்கும்போது பார்ப்பதும் அளப்பதும் எப்படி?

காவேரிப்பட்டணம் பக்கத்தில் 45 சென்ட் மாந்தோப்பும் அதற்குள் ஒரு தளம் போட்ட வீடும் விலைக்கு வந்திருக்கிறது, விற்பவர்கள் பிரிந்து வாழும் கணவன் மனைவி, வழக்கு நடக்கிறது. கணவர் ஓசூரில் வேலையில் இருக்கிறார். மனைவியும் பள்ளிக்குப் போகும் மகளும் அந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். தரகரோடு போனபோது அந்த அம்மா வாசலோடு அனுப்பிவிட்டார். அடுத்த முறை கணவர் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போக, கேட்டையே திறக்கவில்லை. கிரயப் பத்திரம் இருவர் பெயரிலும், பட்டா கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது. "பட்டாதாரர் கையெழுத்துப் போட்டால் போதும், அட்வான்ஸைக் கொடுங்கள், அளவையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் தரகர். என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார்.

தம்பி, முதலில் அட்வான்ஸை நிறுத்தி வையுங்கள். இருபது வருடத்துக்கு மேலாகக் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் பத்திரம் எழுதிவருகிறேன். பிரியும் தம்பதியின் சொத்தில் பணம் மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலானவர்கள், பார்க்காமல் அளக்காமல் ஒருவரிடம் மட்டும் முன்பணம் கொடுத்தவர்கள்தான்.

பட்டா பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. உரிமையைச் சொல்வது பத்திரம். பத்திரத்தில் இரண்டு பெயர் இருந்தால் விற்பவர்கள் இரண்டு பேர். கணவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் அவருடைய பிரிக்கப்படாத பாதிதான் உங்களுக்கு வரும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் காலடி வைக்க முடியாது. குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் கூட்டு அனுபவம் கேட்க முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டம் 44-வது பிரிவு சொல்கிறது. பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். அதிலும், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி உங்கள் பங்கை அந்த அம்மாவே விலைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அத்தனை வருடம் அலைந்து, கடைசியில் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாளைக்கு வேறொரு வீடு பார்க்கிறீர்கள், அது முழுக்கக் கணவர் பெயரிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மனைவி அங்கே குடியிருந்தால் அவரை விட்டுவிட்டு வாங்கக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பெயர் யாருடையதாக இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையை அவருக்குக் கொடுக்கிறது. வீட்டை விற்கக் கூடாது என்று தடை போடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

சரி, கேட் திறக்காத கதைக்கு வருவோம். அந்த அம்மா ஏன் திறக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். வழக்கு நடக்கிறபோது, பிரிந்துபோன கணவர் முன்னறிவிப்பு இல்லாமல் டேப்பும் சங்கிலியும் பிடித்த இரண்டு ஆட்களோடு வந்து நிற்கிறார். வீட்டில் பெண் குழந்தை இருக்கிறது. நானாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். விற்கவே அவருக்கு மனமில்லை என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பல வீடுகளில் மனைவியும் விற்கத்தான் நினைக்கிறார். தன்னைக் கேட்காமல் நடப்பதைத்தான் தடுக்கிறார்.

அதனால் முதல் பேச்சு அவரோடு நடக்கட்டும். தரகரையும் கணவரையும் அழைத்துப் போகாதீர்கள். உங்கள் அம்மாவையோ வீட்டம்மாவையோ கூட்டிக்கொண்டு, அவர் சொல்கிற நேரத்தில் போங்கள். உங்கள் பெயர், என்ன வேலை, எதற்காக வாங்குகிறீர்கள், பணம் வங்கிக் கடனா கைக்காசா என்று நேராகச் சொல்லுங்கள். "உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டேன், உங்கள் பங்குப் பணம் உங்கள் கணக்குக்கே வரும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். வழக்கைப் பற்றியோ யார் பக்கம் தப்பு என்றோ ஒரு வார்த்தை வேண்டாம். கணவரே புலம்ப ஆரம்பித்தாலும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுங்கள். நீங்கள் சொன்ன ஒரு சொல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் வியாபாரம் அன்றோடு முடிந்தது.

அடுத்தது ஒப்புதல் கடிதம். வெள்ளைத் தாளில் நாலு வரி போதும்: இன்ன தேதியில், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை, இன்னின்னார் வந்து வீட்டைப் பார்க்கவும் நிலத்தை அளக்கவும் சம்மதம், அளவைச் செலவு வாங்குபவருடையது, அறிக்கையின் நகல் இருவருக்கும் ஒரே நாளில் தரப்படும். இதில் இருவரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போடட்டும். ஒரே அறையில் உட்கார வேண்டும் என்பதில்லை. வழக்கறிஞர்கள் மூலமாகவே போய் வரலாம். செலவை நீங்கள் ஏற்பதில் ஒரு காரணம் இருக்கிறது. காசு கொடுத்தவர் பக்கம்தான் அளவை சாயும் என்ற சந்தேகம் இரண்டு பேருக்கும் இருக்கும். நீங்கள் கொடுத்தால் அந்தப் பேச்சு எழாது.

கணவர் அன்றைக்கு வரலாமா என்று கேட்பார். அவர் வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு ஏதாவது இருந்தால் வரவே கூடாது. நீங்கள் கூட்டி வரவும் கூடாது. உத்தரவு இல்லாவிட்டாலும், அந்த அம்மா வேண்டாம் என்றால் கணவருடைய அண்ணனோ நம்பிக்கையான வேறு ஆளோ எல்லையில் நின்று பார்த்தால் போதும்.

ஒவ்வொருவராகத் தனித்தனி நாளில் வீட்டுக்குள் அனுப்பாதீர்கள். இன்றைக்கு இன்ஜினியர், நாளைக்கு வங்கி மதிப்பீட்டாளர், அடுத்த வாரம் எலக்ட்ரீசியன் என்று போனால் மூன்றாவது முறை கதவு திறக்காது. வங்கிக் கடன் என்றால் மதிப்பீட்டாளர் வரும் நாளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, எல்லாரையும் ஒரே காலையில் வரச் சொல்லுங்கள். மகள் பள்ளிக்குப் போன பிறகு என்றால் இன்னும் நல்லது. உள்ளே படம் எடுப்பதற்குக் கேட்டுவிட்டு எடுங்கள். விரிசல், கசிவு, கம்பி தெரியும் இடம், மீட்டர் பெட்டி இவற்றை மட்டும் எடுத்தால் போதும். கட்டட வரைபட அனுமதி, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

அன்றைக்குச் சுத்தமான பாட்டிலில் போர் தண்ணீரும் பிடித்து வாருங்கள். நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஃபுளோரைடு பழைய தொல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். குழந்தைகளோடு குடிபோகிறவர்களுக்குச் சுவர் விரிசலைவிட இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

இனி நிலத்தை அளப்பது. இதை வீடு பார்க்கிற நாளோடு சேர்க்காதீர்கள். அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் வந்து நிற்க வேண்டும், அரை நாள் பிடிக்கும். அரசு அளவை என்றால் பட்டாதாரர்தான் விண்ணப்பிக்க வேண்டும், வாங்கப் போகிறவர் விண்ணப்பிக்க முடியாது. இணையம் வழியாகவோ இ-சேவை மையத்திலோ போடலாம். பக்கத்து நிலக்காரர்களுக்குத் தகவல் போய், பிர்கா சர்வேயர் வந்து புலப்படத்தை, அதாவது நிலத்தின் அரசு அளவு வரைபடத்தை, வைத்து அளந்து எல்லையைக் காட்டுவார். உங்கள் விஷயத்தில் பட்டா கணவர் பெயரில் இருப்பதால் அவர் தனியாகவே விண்ணப்பித்துவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் அந்த அம்மாவின் பார்வையில் அது கணவர் வைத்த அளவை. பத்திரத்தைக் காட்டி முதலில் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொண்டு, பிறகு அளவைக்குப் போட்டால் கேள்வியே இல்லை. அதற்குள் காலம் போய்விடும் என்றால், மேலே சொன்ன ஒப்புதல் கடிதத்தோடு உரிமம் பெற்ற தனியார் நில அளவர் ஒருவரை இருவரும் ஏற்றுக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள். புலப்படத்தின் நகலும், கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டின் நகலும் அவர் கையில் இருக்க வேண்டும். கல் இருக்கிற இடத்தை வேலிக்காரர் சொல்லக் கேட்டு அளப்பது அளவையே அல்ல.

மாந்தோப்பு என்பதால் காலமும் பார்க்க வேண்டும். புதர் மண்டிக் கிடந்தால் சர்வே கல்லைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஜூலை வாக்கில் காய் இறக்கி முடித்து, கீழே சுத்தம் பண்ணின பிறகு அளந்தால் சங்கிலி நேராக ஓடும். அதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: இந்த வருடத்து மகசூலை வியாபாரிக்குக் குத்தகை விட்டிருக்கிறார்களா, யார் விட்டார்கள், பணம் யார் வாங்கியது? ஒருவர் மட்டும் விட்டிருந்தால் அந்த வியாபாரியும் காவல்காரரும் காய் தீரும் வரை தோப்பில் இருப்பார்கள். இதையும் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் நீங்கள் வாங்கின பிறகு உங்கள் தோப்பில் வேறொருவர் காய் இறக்குவார்.

அளவில் சின்ன வித்தியாசம் வரும், பயப்படாதீர்கள். பத்திரத்தில் 45 சென்ட் என்று எழுதியிருப்பார்கள், பட்டாவில் 18 ஏர்ஸ் என்று இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 45 சென்ட் என்றால் 19,602 சதுர அடி. 18 ஏர்ஸ் என்பது 1,800 சதுர மீட்டர், அதாவது சுமார் 19,375 சதுர அடி. 227 சதுர அடி, அரை சென்ட், கணக்கு மாற்றியதிலேயே காணாமல் போகிறது. ஒற்றுமையாக இருக்கிற குடும்பத்தில் "இருக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். இங்கே ஒருவர் 45-க்கு விலை கேட்பார், மற்றவர் சரி என்பார், பிறகு பணத்தைப் பிரிக்கும்போது சண்டை வரும். ஆகவே மொத்த விலை பேசாமல், "அளந்து வருகிற சென்டுக்கு இவ்வளவு" என்று பேசுங்கள். எந்தத் தேதியில் யார் அளந்த வரைபடம் என்பதையும் ஒப்பந்தத்தில் சொல்லி, அந்த வரைபடத்தில் இருவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.

பாலக்கோடு பக்கம் சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்று இன்னும் மனதை உறுத்துகிறது. கணவர் மட்டும் நின்று அளந்து, கணவர் மட்டும் கையெழுத்துப் போட்டு, வாங்குகிறவர் ஐந்து லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டார். நான் எழுத மறுத்து அனுப்பினேன். வேறு இடத்தில் எழுதிக்கொண்டார்கள். மனைவி தரப்பு தனியாக அளந்ததில் மூன்று சென்ட் குறைந்தது. அளவே தப்பு, எனக்குச் சம்மதமும் இல்லை என்று அந்த அம்மா தடை வாங்கினார். வாங்கினவர் அந்த ஐந்து லட்சத்தை மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்தவர். இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று இப்போதும் நினைப்பேன்.

வழி விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் அளவையில் எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். தார் ரோட்டிலிருந்து அந்தத் தோப்புக்கு வண்டி எப்படிப் போகிறது? புலப்படத்தில் வண்டிப்பாதை வரைந்திருக்கிறதா, அல்லது பக்கத்து நிலத்தின் வரப்போரம் போகிற தடமா? நம் ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலங்களில், பெரும்பாலும் அண்ணன் கொல்லை வழியாகத்தான் தம்பி தோப்புக்குப் பாதை இருக்கும். உறவு இருக்கிறவரை யாரும் மறிக்க மாட்டார்கள். உறவுக்காக விட்ட பாதை அது. வெளியாள் வாங்கின மறுநாள் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிவிடுவார்கள். அதிலும் கணவன் மனைவி சண்டையில் விற்கிற சொத்து என்றால் அண்ணனுக்கு ஏற்கெனவே மனக்கசப்பு இருக்கும். பத்திரத்தில் "மாமூல் வழிநடை வண்டிப் பாத்தியம்" என்று, அதாவது வழக்கமாக நடக்கவும் வண்டி ஓட்டவும் உரிமை உண்டு என்று, ஒரு வரி இருந்தால் மட்டும் போதாது. அந்த வழி எந்த சர்வே எண்ணில், எத்தனை அடி அகலத்தில் போகிறது, அந்த நிலத்துக்காரர் முன் பத்திரத்தில் அதைக் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். இருபது வருடம் தடையில்லாமல் உரிமையோடு நடந்தால் பாத்தியம் வரும் என்று சட்டம் சொல்கிறதே என்பார்கள். அனுமதியின் பேரில் நடந்தது அந்தக் கணக்கில் சேராது. பாகம் பிரித்ததால் வந்த வழி என்று நிரூபிக்கவும் வழக்குத்தான் போட வேண்டும். அளக்கிற நாளில் அந்தத் தடத்தையும் அளந்து வரைபடத்தில் போடச் சொல்லுங்கள். அது அண்ணன் நிலம் என்றால், கிரயத்துக்கு முன்பே அவரிடம் வழிப் பாத்தியப் பத்திரம் ஒன்று பதிந்துகொள்ளுங்கள். அதற்கு அவர் ஏதாவது பணம் கேட்டால் அதையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். அவர் மறுத்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், நான் அந்தத் தோப்பை வாங்க மாட்டேன்.

கிணற்றுக்கும் இதே கதைதான். கிணற்றில் கால் பங்கா அரைப் பங்கா, தண்ணீர் முறை எத்தனை நாளுக்கு ஒரு முறை, விவசாய மின் இணைப்பு யார் பெயரில், வாய்க்கால் யார் நிலத்தில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பத்திரங்களைப் படிக்கும்போது ஒரு சின்னக் குறிப்பு. 1965-க்கு முந்திய பத்திரத்தில் உங்கள் நிலம் சேலம் மாவட்டம் என்றிருக்கும், அதற்குப் பிறகு தருமபுரி மாவட்டம், 2004 பிப்ரவரிக்குப் பிறகு கிருஷ்ணகிரி மாவட்டம். இது தவறல்ல. சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் இடையில் மாறியிருக்கலாம் என்பதால், வில்லங்கச் சான்றுக்கு (சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் சான்று) விண்ணப்பிக்கும்போது பழைய அலுவலகத்திலும் தேட வேண்டியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இவர்களுக்குச் சொத்து எப்படி வந்தது என்றும் பாருங்கள். சம்பாத்தியத்தில் வாங்கியது என்றால் எளிது. கணவரின் பூர்வீகம் கலந்திருந்தால் மகளுக்கும் பங்கு உண்டு. மைனர் பங்கை நீதிமன்ற அனுமதியில்லாமல் வாங்கிவிட்டு, அவள் பெரியவளான பிறகு கேள்வி வந்தால் தாங்க மாட்டீர்கள்.

வழக்கு இருப்பது வில்லங்கச் சான்றில் பெரும்பாலும் தெரியாது. இருவரிடமும் வழக்கு எண் கேளுங்கள். நீதிமன்றங்களின் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரை வைத்தும் தேடலாம். சொத்தே வழக்கில் இருக்கும்போது வாங்கினால் தீர்ப்பு உங்களையும் கட்டும். ஜீவனாம்சப் பாக்கிக்காகச் சொத்தின் மீது கோரிக்கை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருவரும் பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறார்கள் என்றால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. அவர்கள் நீதிமன்றத்தில் கொடுக்கும் சமரச மனுவிலேயே இந்தச் சொத்தை இன்ன விலைக்கு விற்று, இன்ன விகிதத்தில் பிரித்துக்கொள்கிறோம் என்று எழுதச் சொல்லுங்கள். தடை உத்தரவு இருந்தால், அது நீங்கும்வரை ஒப்பந்தமே போடாதீர்கள்.

மனைவி தன் பாதியைக் கணவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, கணவர் மட்டும் விற்கட்டுமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். குடும்பத்துக்குள் விடுதலை என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. செலவு குறைவு என்பது உண்மை. விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகு அவர்கள் கணவன் மனைவி இல்லை என்பதால் அந்தச் சலுகை நிற்காமல் போகலாம். செலவை விடுங்கள். மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்ற பேச்சு பிற்பாடு எழ இடம் கொடுப்பது அந்தப் பத்திரம்தான். இருவரும் சேர்ந்து நேராக உங்களுக்கே எழுதிக் கொடுப்பதைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

அளவையும் வழியும் காகிதமும் சரி என்று தெரிந்த பிறகு கிரய ஒப்பந்தம் போடுங்கள். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். வெறும் முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைப்பது உதவாது. முன்பணம் இரண்டு காசோலையாக, அவரவர் பெயரில் இருக்கட்டும். வீட்டுக் கடன் இருந்தால் முதலில் வங்கிக்கு, மீதி இருவருக்கும். கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தயாராக வையுங்கள். விலை 50 லட்சம் அல்லது மேலே போனால் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர்கள் இரண்டு பேர் என்று பிரித்துப் பார்க்காமல் மொத்த விலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டு மீதியைக் கையில் கொடுங்கள் என்று ஒருவர் ரகசியமாகக் கேட்கக் கூடும். அது மற்றவருடைய பங்கைத் திருடுகிற வேலை. ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பதிவு நாளில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து நிற்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வெவ்வேறு நேரத்தில் ஆஜராகலாம். சார்பதிவாளரிடம் முன்கூட்டியே பேசி, அந்த அம்மா காலையிலும் கணவர் மதியத்துக்கு மேலும் வந்து கையெழுத்துப் போட ஏற்பாடு செய்யுங்கள். வீட்டைக் காலி செய்கிற தேதியை மட்டும் கணவரிடம் கேட்காதீர்கள், அந்த அம்மாவிடம் கேளுங்கள். மகளுக்கு முழுப் பரீட்சை முடிந்து லீவு விடுகிற வாரத்தை அவர் சொன்னால் அதையே எழுதிக்கொள்ளுங்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியை அந்த நாளுக்கென்று நிறுத்தி வைத்து, அன்று சாவியை வாங்கும்போதே மின் மீட்டர் அளவைப் படம் எடுத்துக்கொண்டு, அந்தப் பணத்தை இருவர் கணக்குக்கும் அனுப்பிவிடுங்கள்.